ஜன்னலைப் பார்த்த நாற்காலி

ரொட்டிதான் தம்பி. பையை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சூடு இன்னும் ஆறவில்லை, அதனால் மணக்கிறது. விடிந்ததும் விடியாததுமாக ஒரு கிழவன் நீள ரொட்டியை எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். கேளுங்கள். வண்டி எப்படியும் நகரப் போவதில்லை. டிரைவர் டீக்கடையில் நிற்கிறான். கண்டக்டர் ஆளே இல்லாத பஸ் ஸ்டாண்டைப் பார்த்து அரியாங்குப்பம், அரியாங்குப்பம் என்று கத்துகிறான். சீட்டெல்லாம் நிறைந்தால்தான் எடுப்பான். பிரைவேட் பஸ். என்ன செய்வது.

சைக்கிள் ரேஸில் தோற்றுவிட்டேன். அதற்குத்தான் ரொட்டி.

சிரிக்காதீர்கள். நான் ஓட்டவில்லை. எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. சின்ன வயதில் ஏறினேன், விழுந்தேன், இறங்கிவிட்டேன். அப்புறம் லாரி ஓட்டினேன். லாரி விழாது.

பிரான்சில் ஜூலை மாதம் நடக்குமே, அந்த ரேஸ். மூன்று வாரம். ஒரு நாள் சமவெளி, ஒரு நாள் மலை, ஒரு நாள் காற்று. நூற்றுக்கணக்கில் பையன்கள், எலும்பும் தோலுமாக, குனிந்த தலை நிமிராமல் மிதித்துக்கொண்டே போவார்கள். நாங்கள் நாலு பேர் இங்கே உட்கார்ந்து பார்ப்போம். மூன்று பேர் சொல்தா. நீங்கள் எந்த ஊர்? சேலமா? அப்படியானால் தெரிந்திருக்காது. பிரான்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பாண்டிச்சேரியில் காலம் தள்ளுகிறவர்களை இங்கே சொல்தா என்பார்கள். நான், என் பெயர் எதுவார், அப்புறம் கஸ்பார், ஹனீபா பாய். நாலாவது ஆள் தெய்வநாயகம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களைத் திருத்திக்கொண்டே இருப்பார்.

கஸ்பாரும் நானும் ஒரே படை. அவன் சமையல், நான் லாரி. அவன் ஆக்குவான், நான் ஏற்றிக்கொண்டு போவேன். அங்கேயும் சண்டைதான். சோறு சிந்தியது உன் டிரைவிங்கால் என்பான். நீ மூடி சரியாகப் போடவில்லை என்பேன். இன்னும் அந்தச் சண்டை தீரவில்லை. தீர்க்கவும் இப்போது நேரமில்லை. செவ்வாய்க்கிழமை அவனுக்கு விமானம். மகன் பிரான்சில், லியோனில் இருக்கிறான். அவனோடே போய் இருக்கப் போகிறானாம், ஒரேயடியாக. வீட்டை வாங்க ஆள் வந்தாயிற்று. ரேஸ் முடிகிறவரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று மகனிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். இன்றைக்கு ஞாயிறு. இன்றைக்கும் நாளைக்கும்தான் பாக்கி.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை. போகிறவன் போகட்டும்.

ஏய் கண்டக்டர்! எடுப்பியா, இல்ல நாங்க எறங்கித் தள்ளணுமா?

முறைக்கிறான் பாருங்கள்.

ஆட்டம் என்னவென்றால், ரேஸ் தொடங்கும் முன் ஆளுக்கு எட்டு ஓட்டக்காரர்களைப் பிடிக்க வேண்டும். அவர்கள்தான் நம் டீம். அவர்கள் அங்கே எத்தனாவதாக வருகிறார்களோ அதற்கேற்ப நமக்கு இங்கே மார்க். ஒருத்தன் பிடித்த ஆளை இன்னொருத்தன் தொடக் கூடாது. தினம் காலையில் ஒரே ஒரு ஆளை மாற்றிக்கொள்ளலாம். வெளியே விட்ட ஆளை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கடைசியாக வந்தவன் மறுநாள் ரொட்டி வாங்கி வர வேண்டும். இந்த வருஷம் ரொட்டிக்கடைக்காரன் என்னைப் பார்த்தாலே பையில் போட ஆரம்பித்துவிடுகிறான். வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அங்கே ரேஸ் முடியும்போது இங்கே இருட்டிவிடும். கஸ்பார் அந்த நேரத்துக்குக் குறட்டை விடுவான். அதனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் வீட்டில் கூடுவோம். அவன் மகன் ஏதோ ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறான், முந்தின நாள் ரேஸ் முழுசாக டிவியில் ஓடும். மாற்றுகிறவன் மாற்ற வேண்டியது, அப்புறம் டிவியைப் போட வேண்டியது. சத்தியம் ஒன்றே ஒன்று. முடிவை யாரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. போன் கூடாது, பேப்பர் கூடாது. நாலு பேரும் கையடித்துச் செய்த சத்தியம்.

நான் பார்ப்பேன்.

அது வேறு விஷயம். அப்படிப் பார்க்காதீர்கள். ஆட்டத்துக்காகப் பார்க்கவில்லை. தெலாகூருக்காகப் பார்த்தேன்.

தெலாகூர் என்று ஒருத்தன். வயசாகிவிட்டது. சைக்கிள்காரனுக்கு வயசு என்றால் நமக்கு இருக்கிற மாதிரி இல்லை, முப்பத்தைந்து தாண்டினாலே கிழவன்தான். அவன் ஜெயிக்க வந்தவன் இல்லை. அவன் டீமில் ஒரு நட்சத்திரம் இருப்பான், அவனுக்குத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுப்பதுதான் இவன் வேலை. பின்னால் வருகிற காருக்குப் போவான், சட்டைக்குள் ஏழெட்டு பாட்டிலைத் திணித்துக்கொள்வான், மூட்டை தூக்கியவன் மாதிரி மறுபடி மேலே மிதித்து வருவான். கொடுப்பான். மறுபடி கீழே போவான். அவன் பெயரை டிவிக்காரன் சொல்கிறான் என்றால் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். வருஷா வருஷம் விழுவான். ஒரு வருஷம் தோள், ஒரு வருஷம் விலா.

நானும் வருஷா வருஷம் அவனைப் பிடிப்பேன். மார்க் ஒன்றும் வராது. ஹனீபா பாய் கேலி செய்வார். "எதுவாரு, ஒனக்கு சொந்தக்காரனா அவன்?" சொந்தமும் இல்லை ஒன்றும் இல்லை. நான் லாரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கஸ்பார்தான் அப்படிச் சொல்வான்.

அவன் விழுந்தானா, இல்லையா. அது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதற்காகத்தான் போனில் பார்ப்பேன். விழவில்லையா, சரி, தட்டைப் போடு பிலோமின் என்பேன் பெண்டாட்டியிடம். அவ்வளவுதான். போகிற போக்கில் யார் ஜெயித்தான் என்பதும் கண்ணில் படும். கண்ணை மூடிக்கொண்டா போனைப் பார்க்க முடியும்?

ஆனால் ஒன்று. தெரிந்ததை வைத்து ஒரு நாள் கூட நான் ஆடவில்லை. ஜெயித்தவனை உள்ளே எடுத்ததில்லை. அதற்கும் மேலே போனேன். ஜெயித்தவன் ஏற்கெனவே என் டீமில் இருந்தால், காலையில் முதல் வேலையாக அவனை வெளியே எடுத்துவிடுவேன். தெரிந்துகொண்டே வைத்திருந்தால் அது திருட்டு இல்லையா? நான் திருடன் இல்லை. அதனால் எல்லா முடிவும் தெரிந்துகொண்டு போய், தினமும் கடைசியாக வந்தேன். என்னை மாதிரி இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள், இந்த ரொட்டியெல்லாம் அவனுக்கு.

அப்பாடா. டிரைவர் வருகிறான். இல்லை, தீப்பெட்டி எடுக்க வந்திருக்கிறான். போகிறான்.

கஸ்பார் வீட்டுக் கூடத்தில் நாலு நாற்காலி. ரேஸ் தொடங்கிய முதல் வாரமே என்னை ஒன்றில் பிடித்து உட்கார வைத்தான். "நீ இங்க உக்காரு எதுவாரு. காத்து வரும்." ஜன்னலைப் பார்த்த நாற்காலி. காலை வெயில் நேரே என் மேல் விழும். காற்று வரவில்லை. இருந்தாலும் மரியாதை செய்கிறான், ஊரை விட்டுப் போகிறவனுக்கு இப்போதாவது புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காபியும் எனக்குத்தான் முதலில் கொடுப்பான். ரொட்டியில் வெண்ணெய் தடவி அவனே கையில் வைப்பான்.

"மாத்து உண்டா?" என்று தெய்வநாயகம் ஆரம்பிப்பார். வயதில் மூத்தவன் முதலில். அது நான். என் மாற்றைச் சொல்லிவிட்டு நான் ரொட்டியைக் காபியில் தோய்க்க ஆரம்பித்துவிடுவேன். பிறகு அவர்கள் மூன்று பேரும் உடனே சொல்ல மாட்டார்கள். பேசிக்கொண்டிருப்பார்கள். கஸ்பார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக இழுப்பான்.

"வான் ஹெக்... காலு நல்லா இருக்கு அவனுக்கு. ரொசெத்தி... ம். மலையில ரொசெத்தி எப்படி எதுவாரு?"

"எனக்கின்னா தெரியும்? உன் ஆட்டம், நீ பாத்துக்க."

"இல்ல, சும்மா கேட்டேன். அந்தக் கொலம்பியாக்காரப் பையன்?"

கண் சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் மெதுவாகப் படிக்கிறான் என்று பரிதாபப்பட்டேன். நல்ல டாக்டராகப் பார் என்றுகூடச் சொன்னேன். மூன்று பேரும் கண்ணும் கருத்துமாக என்னையே பார்த்தார்கள். நான் சொன்னது மனதில் தைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் மாற்றைச் சொல்வார்கள். கஸ்பார் எடுக்கிறவன் ஜெயிப்பான். அவன் விட்டால் ஹனீபா பாய் எடுக்கிறவன் இரண்டாவது வருவான். இப்படி ஒரு நாளா, இரண்டு நாளா? இரண்டு வாரம். எனக்கு வயிறு எரிந்தது. சத்தியம் பண்ணிவிட்டு ராத்திரி உட்கார்ந்து முடிவைப் பார்க்கிறான், திருட்டுப்பயல். எனக்கு அவனைத் தெரியாதா? படையில் இருக்கும்போதே ஆபீசருக்கு வைத்த கறியில் கை வைத்தவன். சொல்லக் கூடாது என்று பொறுத்தேன். ஊருக்குப் போகிறவன். போகட்டும் என்று பொறுத்தேன்.

புதன்கிழமை வந்தது.

புதன்கிழமை ரேஸை நான் வீட்டில் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பிலோமின் சீரியல். பத்துப் பதினைந்து பேர் கூட்டத்தை விட்டு முன்னால் போய்விட்டார்கள். அதில் ஒருத்தன் தெலாகூர். தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாததால் சும்மா போயிருப்பான் போல. ஒவ்வொருத்தனாகக் கழன்று விழுகிறான். இவன் கழலவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வாயோரம் எச்சில் வழிய, அசிங்கமாக ஓட்டுகிறான். எப்போதும் அசிங்கமாகத்தான் ஓட்டுவான். கடைசி ஒரு கிலோமீட்டர், தனியாக வருகிறான். கோட்டைத் தாண்டினபோது அவனுக்குக் கையைத் தூக்கக்கூடத் தெரியவில்லை. பழக்கமில்லை அல்லவா? திரும்பிப் பின்னால் பார்க்கிறான், யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்கிற மாதிரி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பிலோமின் சீரியலை நிறுத்திவிட்டு, "இன்னாங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று ஓடி வந்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை போனேன். கையில் ரொட்டி. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"மாத்து உண்டா?"

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் தம்பி? வைத்திருப்பீர்கள். எவனும் வைத்திருப்பான். நான் யார்? நான் நேர்மையானவன்.

"உண்டு. தெலாகூர எடுத்துடுங்க," என்றேன்.

ஹனீபா பாய் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். கஸ்பார் கண்ணாடியைக் கழற்றினான்.

"தெலாகூரையா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சியா எதுவாரு? தெலாகூரு."

"யோசிச்சிட்டேன். மேல போ."

அவன் என் மூஞ்சியையே பார்த்தான். ரொட்டி என் கையை விட்டுக் காபியில் விழுந்தது.

"சரி," என்றான் கஸ்பார். "தெலாகூர் எனக்கு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். எழுந்துவிட்டேன். "டேய், நீ ராத்திரி முடிவப் பாத்துட்டுத்தான் வர. ரெண்டு வாரமா பாக்குற. கையடிச்சு சத்தியம் பண்ணினியே, வெக்கமா இல்ல?"

"நான் பாக்கல."

"பாக்காமத்தான் தெலாகூர எடுக்கிறியா? மனுஷன் எவனாவது தெலாகூர எடுப்பானா?"

"நீ எடுப்ப. வருஷா வருஷம் எடுப்ப."

"பேச்ச மாத்தாத. எப்படித் தெரியும் ஒனக்கு?"

ஹனீபா பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சொல்லிடு கஸ்பாரு. பாவம், எத்தன நாளைக்குத்தான் ரொட்டி தூக்குவாரு."

கஸ்பார் சொன்னான். "எதுவாரு, ஜெயிச்சவன் பேரச் சொன்னா ஒனக்குக் காதோரம் செவக்குது. ரொட்டி காப்பியில விழுது. ரெண்டாவதா வந்தவன் பேரச் சொன்னா ரொட்டி விழல, கால மட்டும் ஆட்டுற. நான் எதுக்கு ராத்திரி முழிக்கணும்? அதான் நீ முழிச்சுப் பாத்துட்டு காலையில கொண்டாந்து காட்டுறியே."

"வெளிச்சம் போதாதுன்னு நாற்காலிய நான்தான் திருப்பிப் போட்டேன்," என்றார் தெய்வநாயகம். வாத்தியார்! பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்த ஆள்!

மூன்று பேரும் சிரித்தார்கள். இரண்டு வாரமாக டிவியை எவனும் பார்க்கவில்லை தம்பி. என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கு ரேஸ். ராணுவத்தில் என்னைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள், எதுவார் மாதிரி கல்லு மூஞ்சிக்காரன் கிடையாது என்று. கஸ்பாரே சொல்லியிருக்கிறான். கேலியாகச் சொன்னானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான் வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே கத்தினான், "டேய், தெலாகூர பாக்காம போறியா? ஒக்காருடா, சேந்து பாக்கலாம்." திரும்பவில்லை. பஸ்ஸில் ஏறின பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது.

அதற்கப்புறம் என்னை ஒருத்தன் கூப்பிட்டிருப்பானா? ஒரு வார்த்தை? மூன்று நாள் ஆகப் போகிறது. இத்தனை வருஷப் பழக்கம், ஒரு போன் இல்லை.

கஸ்பார் போன் அடித்தான். அது எண்ணிக்கையில் சேராது. நான் எடுக்கவில்லை. சாயங்காலம் அடித்தான், மறுநாள் காலை அடித்தான், அப்புறம் தெய்வநாயகத்தின் போனிலிருந்து அடித்தான். எதற்கு எடுக்க வேண்டும்? தப்பு அவர்கள் மேல்.

பிலோமின்தான் எரிந்து விழுந்தாள். "சைக்கிளும் இல்ல, ஓட்டவும் தெரியாது. சண்ட மட்டும் வெச்சிருக்கீங்க." சொல்லிவிட்டு, "அவரு போயிட்டா யார்கிட்ட சண்ட போடுவீங்க?" என்றாள். பதில் இருந்தது. சொல்லவில்லை.

வண்டி எடுத்துவிட்டான், பார்த்தீர்களா? பாதி சீட் காலி. என் வாய்க்குப் பயந்து எடுத்திருப்பான்.

நேற்று ஹனீபா பாய் பிலோமினுக்குப் போன் செய்திருக்கிறார். என்ன சொன்னார் தெரியுமா? "தங்கச்சி, அவரு மூஞ்சி இல்லாம எங்களால ஆட முடியல. கஸ்பாரு எடுத்த ஆளெல்லாம் கடைசியா வரான். காப்பி குடிக்காம ஒக்காந்திருக்கான்." அப்புறம், தெலாகூர் ஜெயித்த ரேஸை அவர்கள் இன்னும் போடவில்லையாம். கஸ்பார் போட விடவில்லையாம். எதுவாரு வந்தாத்தான் என்கிறானாம். மற்ற நாளையெல்லாம் பார்த்துவிட்டார்கள், அதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பைத்தியக்காரன். தெலாகூர் அவனுக்கு யார்?

சரி, போகிறேன் என்றேன். ஆனால் இந்தத் தடவை அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. நேற்று சாயங்காலமே போனை அணைத்து பிலோமின் கையில் கொடுத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நேற்றைய ரேஸில் யார் ஜெயித்தான் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வெள்ளைச் சுவர் மாதிரி போய் உட்காரப் போகிறேன். பெயரை இழுத்து இழுத்துப் படிக்கட்டும். ரொட்டி கையில் நிற்கும்.

நேற்று மலை. ஏறினால் பரவாயில்லை தம்பி, இறக்கம்தான் ஆபத்து. அங்கே மழை வேறு என்றார்கள். புதன்கிழமை அவ்வளவு ஓட்டினவனுக்குக் காலில் என்ன மிச்சம் இருக்கும்? வளைவில் பிரேக் பிடித்தால் வழுக்கும். அவன் சைக்கிளை வளைவில் சாய்க்கவே மாட்டான், லாரி மாதிரி ஓட்டுவான். நேற்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பசி இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முருங்கப்பாக்கம் தாண்டிவிட்டது. பாலம் வந்தால் அடுத்தது நம் ஸ்டாப்.

என்ன செய்கிறீர்கள்? போனை உள்ளே வையுங்கள். வேண்டாம் என்கிறேன். தேடாதீர்கள். பெயரை எப்படி எழுதுவது என்றா கேட்கிறீர்கள்? நான் சொல்ல மாட்டேன். தமிழில் போட்டாலே வருகிறதா? என்ன காலம் இது.

பார்த்துவிட்டீர்களா? ஒரு வார்த்தை பேசாதீர்கள். திரும்பி ஆற்றைப் பாருங்கள்.

தம்பி.

யார் ஜெயித்தான் என்று வேண்டாம். தெலாகூர் வந்து சேர்ந்தானா? அது மட்டும் சொல்லுங்கள்.

சேர்ந்தானா? விழவில்லையே? நூற்றுப் பத்தாவதா? நல்ல இடம். ரொம்ப நல்ல இடம். மழையில் நூற்றுப் பத்தாவது வருவது சாதாரணமா? போதும். இதற்கு மேல் ஒன்றும்... ரொசெத்தியா ஜெயித்தான்? உங்களை யார் சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? சேலத்தில் இப்படித்தானா?

சரி, விடுங்கள். இறங்க வேண்டும், பையைக் கொஞ்சம் பிடியுங்கள். இங்கே பாருங்கள். என் மூஞ்சியை நேராகப் பார்த்துச் சொல்லுங்கள். ஏதாவது தெரிகிறதா?

அவ்வளவு நன்றாகவா தெரிகிறது?

இருக்கட்டும். இன்றைக்கும் நாளைக்கும்தானே. பார்த்துவிட்டுப் போகட்டும்.